விசைக்கருவிப் பணிகளில் மூச்சுக்காப்பு

விசைக்கருவிப் பணிகளில் மூச்சுக்காப்பு என்பது, மின்சாரம், அழுத்தக் காற்று அல்லது எரிபொருளால் இயங்கும் கருவிகளைக் கையாளும் தொழிலாளர்களைத் தூசு, புகை, ஆவி, நச்சு வளிமம் ஆகியவற்றை உள்ளிழுப்பதிலிருந்து காக்கும் வழிமுறைகளைக் குறிக்கும். கல் அறுத்தல், கான்கிரீட்டில் துளையிடுதல், சாணை பிடித்தல், மணல் வீச்சு, வண்ணம் தெளித்தல், பற்றவைத்தல் ஆகியன இவ்வகைப் பணிகளுள் முதன்மையானவை. இப்பணிகளில் முகத்தில் அணியப்படும் கருவி மூச்சுக்காப்புக் கருவி எனப்படும். எளிய தூசு முகமூடி முதல் தீயணைப்பு வீரர்கள் முதுகில் சுமக்கும் காற்று உருளையுடன் கூடிய கருவி வரை பல வகைகள் இதில் அடங்கும்.

மூச்சுக்காப்புக் கருவி காற்றிலுள்ள ஆபத்தை நீக்குவதில்லை; அணிபவருக்கும் அந்த ஆபத்துக்கும் இடையே ஒரு தடுப்பை மட்டுமே உருவாக்குகிறது. எனவே தொழில்சார் நலவியலில் இது இறுதித் தற்காப்பாகவே கருதப்படுகிறது. தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட, முகத்தில் பொருந்தாத அல்லது பணியின் இடையில் கழற்றப்படும் கருவி, பாதுகாப்பு இருப்பதாகத் தோற்றம் அளித்து, ஆபத்தான இடத்தில் தொழிலாளி நீண்ட நேரம் இருக்கக் காரணமாகிவிடக் கூடும்.

விசைக்கருவிகளும் நுண்தூசும்

உளியும் சுத்தியலும் கொண்டு கல்லை உடைக்கும்போது பெரும்பாலும் சில்லுகளும் பருமனான தூசும் உண்டாகின்றன. அதே கல்லை வேகமாகச் சுழலும் வைரத் தகட்டால் அறுக்கும்போது, கல்லின் ஒரு பகுதி மிக நுண்ணிய துகள்களாக அரைக்கப்பட்டுக் காற்றில் கலக்கிறது. குறைந்த நேரத்தில் கூடுதல் வேலை நடைபெறுவதால், குறைந்த நேரத்தில் கூடுதல் தூசும் எழுகிறது.

மனிதத் தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் ஆகும். நுரையீரலின் காற்றறைகள் வரை செல்லக்கூடிய துகள்கள் பெரும்பாலும் 4 மைக்ரோமீட்டர் அளவினவாகவோ அதனிலும் சிறியனவாகவோ உள்ளன. இவை கண்ணுக்குத் தனித்தனியே புலப்படுவதில்லை. காற்றில் மணிக்கணக்கில் மிதக்கவும் கூடும். பெரிய துகள்கள் படிந்து, அறை தெளிவாகத் தோன்றும் நிலையிலும் ஆபத்தான பகுதி காற்றில் எஞ்சியிருக்கலாம். ஆகவே கண்ணால் பார்த்து ஓர் இடம் பாதுகாப்பானது என்று முடிவு செய்ய இயலாது.

மணற்கல், கருங்கல், கான்கிரீட், செங்கல், ஓடு முதலியவற்றில் படிகச் சிலிக்கா உள்ளது. இதன் நுண்தூசு நுரையீரலில் தழும்புகளை உண்டாக்கும் நோய் சிலிக்கோசிசு ஆகும். இந்நோய் பொதுவாகப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்டுகளில் வெளிப்படுகிறது. தூசின் செறிவு மிகுந்திருந்தால் சில ஆண்டுகளிலும், சில வேளைகளில் அதனினும் விரைவாகவும் ஏற்படலாம். உண்டான தழும்பை மறையச் செய்யும் மருத்துவம் இல்லை. சிலிக்கா தூசுக்கு உள்ளானவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் மிகுதியாகும். 1997இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, தொழிலிடங்களில் உள்ளிழுக்கப்படும் படிகச் சிலிக்காவை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது.

வரலாறு

உரோம எழுத்தாளர் மூத்த பிளினி, செந்நிறப் பாதரசக் கனிமத்தைப் பொடியாக்கும் தொழிலாளர்கள் தூசு உட்செல்லாதவாறு விலங்குகளின் சிறுநீர்ப்பைத் தோலால் முகத்தை மூடிக்கொண்டதைக் குறிப்பிட்டுள்ளார். 1799இல் அலெக்சாண்டர் வொன் அம்போல்ட்டு சுரங்கத் தொழிலாளர்களுக்கான மூச்சுக் கருவி ஒன்றை வடிவமைத்தார். 1914இல் ஐக்கிய அமெரிக்காவில் காரெட் மோர்கன் புகைக்காப்பு முகவுறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1916இல் ஈரி ஏரியின் கீழ் அமைக்கப்பட்ட சுரங்கவழியில் வெடிப்பு நிகழ்ந்தபோது, இக்கருவியை அணிந்து மீட்புப் பணி நடைபெற்றது.

விசைக்கருவிகளின் வரலாறு இதற்கு இணையாக வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சுரங்கங்களில் அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பான்கள் பரவின. அவை எழுப்பிய தூசினால் இளவயதிலேயே இறந்தோர் பலர் என்பதால், தொழிலாளர்கள் அக்கருவியை "விதவையாக்கி" என்று அழைத்தனர். பின்னர் சான் சார்ச் லெய்னர் என்பவர், உள்ளீடற்ற துளைத்தண்டின் வழியே நீரைச் செலுத்தித் தூசை எழும் இடத்திலேயே நனைக்கும் துளைப்பானை உருவாக்கினார். கருவியை மாற்றுவதன் மூலம் தூசைக் குறைக்க இயலும் என்பதற்கு இது தொடக்ககாலச் சான்றாகும்.

இவ்வழிமுறை அறியப்பட்டிருந்தும் கைவிடப்பட்டதன் விளைவை ஆக்சு நெசுட்டு சுரங்கவழி காட்டியது. மேற்கு வர்சீனியாவில் ஓர் ஆற்று நீரைத் திருப்புவதற்காக 1930இல் தொடங்கிய இச்சுரங்கவழிப் பணியில், சிலிக்கா மிகுந்த பாறை நீரின்றி உலர்நிலையில் துளைக்கப்பட்டது. தொழிலாளர்களுக்கு மூச்சுக்காப்புக் கருவிகள் வழங்கப்படவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் ஆவர். 1936இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் இறந்தோர் எண்ணிக்கை 476 எனக் கூறப்பட்டது. பிற்கால ஆய்வு ஒன்று இதனை 700க்கு மேல் என மதிப்பிட்டது.

21ஆம் நூற்றாண்டில் இதே நோய் சமையலறை மேடைகள் செய்யும் பட்டறைகளில் மீண்டும் தோன்றியது. பொடியாக்கப்பட்ட குவார்ட்சைப் பிசினுடன் சேர்த்துச் செய்யப்படும் செயற்கைக் கற்பலகைகளில் சிலிக்காவின் அளவு 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடும். இவற்றை உலர்நிலையில் அறுத்து மெருகேற்றிய இளந்தொழிலாளர்கள் இசுப்பெயின், இசுரேல், ஆத்திரேலியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளில் பாதிக்கப்பட்டனர். 2024 சூலை 1 முதல் ஆத்திரேலியா இக்கற்பலகைகளின் உற்பத்தி, வழங்கல், அறுத்தல், பொருத்துதல் ஆகியவற்றைத் தடை செய்தது. முகமூடியை மட்டும் நம்பி இத்தொழிலைத் தொடர்வது போதாது என்ற நிலைப்பாடு இத்தடையில் வெளிப்பட்டது.

கட்டுப்பாட்டுப் படிநிலை

தொழிலிட ஆபத்துகளைக் குறைக்கும் வழிகள் பின்வரும் வரிசையில் கையாளப்படுகின்றன.

1. நீக்கல்: ஆபத்தான வேலையையே தவிர்த்தல். தேவையான அளவில் முன்கூட்டியே வார்க்கப்பட்ட கான்கிரீட் பகுதிகளைப் பயன்படுத்தினால் அறுக்க வேண்டிய தேவை குறையும்.
2. மாற்றீடு: குறைந்த ஆபத்துள்ள பொருளைப் பயன்படுத்தல். மணல் வீச்சில் மணலுக்குப் பதிலாக எஃகுக் குருணையைப் பயன்படுத்துவது எடுத்துக்காட்டாகும்.
3. பொறியியல் கட்டுப்பாடு: அறுக்கும் தகட்டின் மீது நீர் பாய்ச்சுதல், கருவியைச் சுற்றி உறை அமைத்துத் தூசை உறிஞ்சுதல்.
4. நிருவாகக் கட்டுப்பாடு: பணி நேரத்தைக் குறைத்தல், பிறரை அப்பகுதியிலிருந்து விலக்குதல், பயிற்சி அளித்தல்.
5. தனியாள் காப்பு: மூச்சுக்காப்புக் கருவி, கண்காப்பு, செவிக்காப்பு முதலியன.

2016இல் ஐக்கிய அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, நல நிருவாகம் வெளியிட்ட விதி, எட்டு மணி நேரப் பணியின் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்கா என்னும் உச்ச வரம்பை வகுத்தது. கட்டுமானப் பணிகளுக்கான இவ்விதியில் ஒவ்வொரு விசைக்கருவிக்கும் உரிய கட்டுப்பாடு தனித்தனியே குறிப்பிடப்பட்டுள்ளது. சான்றாக, நீர் பாய்ச்சும் அமைப்புள்ள கைப்பிடி அறுப்பியைத் திறந்தவெளியில் நான்கு மணி நேரம் வரை பயன்படுத்தினால் மூச்சுக்காப்புக் கருவி கட்டாயமில்லை. அதே அறுப்பியைக் கட்டடத்தினுள் பயன்படுத்தினால் கருவி அணிய வேண்டும். செங்கற்களுக்கு இடையிலுள்ள பழைய சாந்தைச் சாணை எந்திரத்தால் அகற்றும்போது, தூசு உறிஞ்சும் அமைப்பு இருந்தாலும் கருவி தேவைப்படுகிறது. கருவி, இடம், நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே தேவையான பாதுகாப்பைத் தீர்மானிக்கின்றன.

மூச்சுக்காப்புக் கருவிகளின் வகைகள்

மூச்சுக்காப்புக் கருவிகள் இரு பெரும் பிரிவுகளாக வகுக்கப்படுகின்றன. சுற்றியுள்ள காற்றை வடிகட்டித் தருவன வடிகருவிகள் ஆகும். வேறிடத்திலிருந்து தூய காற்றைத் தருவன காற்று வழங்கு கருவிகள் ஆகும்.

ஒரு கருவி முறையாகப் பயன்படுத்தப்படும்போது உள்ளே செல்லும் மாசு எத்தனை மடங்கு குறையும் என்பதை அதன் காப்புக் காரணி காட்டுகிறது. அமெரிக்க நடைமுறையில் சில கருவிகளின் காப்புக் காரணிகள் வருமாறு:

- மூக்கையும் வாயையும் மூடும் அரைமுகக் கருவி (என்95 போன்றன உட்பட): 10
- தளர்வான முகமறைப்பு உள்ள மின்விசை வடிகருவி: 25
- முழுமுக வடிகருவி: 50
- இறுக்கமான முழுமுக மின்விசை வடிகருவி: 1,000
- காற்று உருளையுடன் கூடிய, உட்புற அழுத்தம் காக்கும் முழுமுகக் கருவி: 10,000

ஐரோப்பாவில் தூசு முகமூடிகள் எஃப்எஃப்பி1, எஃப்எஃப்பி2, எஃப்எஃப்பி3 எனத் தரப்படுத்தப்படுகின்றன. இந்தியாவில் ஐஎஸ் 9473 என்னும் தரநிலை இவ்வகை முகமூடிகளுக்கு உரியது. என்95 என்பதிலுள்ள 95 என்னும் எண், சோதனையில் வடியிழை தடுக்கும் துகள்களின் குறைந்த அளவு விழுக்காட்டைக் குறிக்கிறது. இது வடியிழையின் திறன் மட்டுமே. முகமூடியின் விளிம்பு வழியே கசியும் காற்றை இவ்வெண் கணக்கில் கொள்வதில்லை. துணிக் கைக்குட்டையும் அறுவை மருத்துவ முகமூடியும் மூச்சுக்காப்புக் கருவிகள் ஆகா.

அணியாத நேரத்தின் விளைவு

காப்புக் காரணி கருவி அணியப்பட்டிருக்கும் நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். ஓர் இடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 1,000 மைக்ரோகிராம் சிலிக்கா உள்ளதாகக் கொள்வோம். காப்புக் காரணி 10 உள்ள அரைமுகக் கருவியை அணிந்தவர் 100 மைக்ரோகிராம் செறிவுள்ள காற்றை உள்ளிழுப்பார். இது மேற்கூறிய வரம்பைப் போல் இரு மடங்காகும். காப்புக் காரணி 50 உள்ள முழுமுகக் கருவியை அணிந்தவருக்கு இது 20 மைக்ரோகிராமாகக் குறையும்.

ஆனால் முழுமுகக் கருவியை அணிந்தவர், எட்டு மணி நேரப் பணியில் பத்தில் ஒரு பங்கான 48 நிமிடங்கள் அதே இடத்தில் அதனைக் கழற்றி வைத்திருந்தால், அவர் உள்ளிழுக்கும் சராசரிச் செறிவு 118 மைக்ரோகிராம் ஆகிறது. அதாவது 50 மடங்கு காக்க வேண்டிய கருவி ஏறத்தாழ 8.5 மடங்கு மட்டுமே காக்கிறது. பேசுவதற்கும் வியர்வையைத் துடைப்பதற்கும் நீர் அருந்துவதற்கும் தூசுள்ள இடத்திலேயே முகமூடியை விலக்குவது இக்காரணத்தால் தீங்கானது. இடைவேளைக்குத் தூசற்ற இடம் ஒதுக்கப்படுவதும், வெப்பம் மிகுந்த இடங்களில் இடைவேளைகள் போதிய அளவில் அளிக்கப்படுவதும் மூச்சுக்காப்பின் பகுதியே ஆகும்.

ஆபத்துக்கேற்ற தேர்வு

தூசு வடியிழை வளிமங்களையும் ஆவிகளையும் தடுப்பதில்லை. வண்ணம் தெளிக்கும்போது எழும் கரைப்பான் ஆவிகளுக்கு உறிஞ்சு கரி நிரப்பிய குப்பி தேவை. தெளிக்கப்படும் நுண்துளிகளுக்கு அதனுடன் துகள் வடியிழையும் தேவை. குப்பிகள் நிறத்தால் வேறுபடுத்தப்பட்டாலும் நிறக் குறியீடு எல்லா நாடுகளிலும் ஒன்றல்ல. அமெரிக்க முறையில் வெள்ளை நிறம் அமில வளிமங்களுக்கான குப்பியைக் குறிக்கும். ஐரோப்பிய முறையில் அதே நிறம் துகள் வடியிழையைக் குறிக்கும். எனவே நிறத்தை மட்டும் கொண்டு தேர்ந்தெடுக்காமல் குப்பியின் மேல் எழுதப்பட்டுள்ளதைப் படித்தறிதல் வேண்டும்.

பெட்ரோலால் இயங்கும் அறுப்பி, நீரேற்றி, மின்னாக்கி (ஜெனரேட்டர்) ஆகியவற்றின் புகையில் கார்பன் மோனாக்சைடு உள்ளது. நிறமும் மணமும் அற்ற இவ்வளிமத்தைத் தூசு முகமூடியோ வழக்கமான கரிக் குப்பியோ தடுக்காது. கதவும் சாளரமும் திறந்திருக்கும் அறையிலும் இது விரைவில் ஆபத்தான அளவை எட்டக்கூடும். இத்தகைய எந்திரங்களைக் கட்டடத்தினுள் இயக்காமல், மின்சாரத்தால் அல்லது வெளியிலிருந்து குழாய்வழி வரும் அழுத்தக் காற்றால் இயங்கும் கருவிகளைப் பயன்படுத்துவதே தீர்வாகும்.

இயல்பான காற்றில் ஏறத்தாழ 20.9 விழுக்காடு ஆக்சிசன் உள்ளது. அமெரிக்க விதிகளின்படி 19.5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அது ஆக்சிசன் குறைந்த சூழலாகும். வடிகருவி எதுவும் ஆக்சிசனை உண்டாக்குவதில்லை. ஆகவே கிணறு, தொட்டி, கழிவுநீர்க் குழி முதலிய அடைபட்ட இடங்களில் வடிகருவி அணிந்து இறங்குவது உயிருக்கு ஆபத்தானது. அங்கே முதலில் காற்றைச் சோதிக்க வேண்டும். தேவைப்படின் காற்று வழங்கு கருவி அணிந்து, வெளியே ஒருவர் கண்காணிக்கும் நிலையிலேயே இறங்க வேண்டும்.

முகப் பொருத்தம்

இறுக்கமான கருவி ஒவ்வொன்றும் அணிபவரின் முகத்தில் இடைவெளியின்றிப் படிய வேண்டும். விளிம்பு படியும் இடத்தில் தாடியோ மழிக்கப்படாத குறுமுடியோ இருந்தால் காற்று கசியும். அமெரிக்க விதிகள் இறுக்கமான கருவியை முதன்முதலில் அணிவதற்கு முன்பும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பொருத்தச் சோதனையைக் கட்டாயமாக்குகின்றன. ஒரு முறையில், கருவியை அணிந்தவரின் தலையை மூடும் சோதனை உறைக்குள் சாக்கரின் போன்ற சுவையுள்ள நுண்துளிகள் தெளிக்கப்படும். அணிந்தவர் சுவையை உணர்ந்தால் கருவி பொருந்தவில்லை எனக் கொள்ளப்படும். மற்றொரு முறையில், உள்ளும் புறமும் உள்ள துகள்கள் அளவியால் ஒப்பிடப்படுகின்றன.

இதனின் வேறானது அணியும்போதெல்லாம் செய்யப்படும் முத்திரைச் சோதனை. கருவியைக் கைகளால் மூடிக்கொண்டு மூச்சை மெல்ல உள்ளிழுத்தும் வெளிவிட்டும் பார்த்து, விளிம்பில் கசிவு உள்ளதா என அறியலாம். மத காரணங்களுக்காகவோ பிற காரணங்களுக்காகவோ தாடி வைத்திருப்பவர்களுக்கு, முகத்தில் இறுகப் படியத் தேவையில்லாத தளர்வான மின்விசை வடிகருவி ஏற்றதாகும். இதயம், நுரையீரல் ஆகியவற்றில் நோயுள்ளவர்களுக்குக் கருவி வழியே மூச்சிழுப்பது கூடுதல் சுமையாகலாம் என்பதால், முன்கூட்டிய மருத்துவ மதிப்பீடும் தேவைப்படுகிறது.

மின்விசை வடிகருவியும் அழுத்தக் காற்றும்

மின்விசை வடிகருவியில் மின்கலத்தால் இயங்கும் சிறு விசிறி, காற்றை வடியிழை வழியே இழுத்து முகவுறைக்குள் செலுத்துகிறது. அமெரிக்கத் தரநிலையின்படி இறுக்கமான முகவுறைக்கு நிமிடத்துக்கு 115 லிட்டரும், தளர்வான முகவுறைக்கு 170 லிட்டரும் குறைந்த அளவு ஓட்டமாக இருக்க வேண்டும். மின்கலம் தீர்ந்தாலோ வடியிழை அடைபட்டாலோ ஓட்டம் குறையும். விசிறி நின்ற தளர்வான கருவி ஏறக்குறைய எவ்விதக் காப்பும் அளிப்பதில்லை. எனவே ஒவ்வொரு பணிமுறைக்கு முன்பும் ஓட்டத்தை அளந்து பார்க்க வேண்டும். விசிறி நின்றால் உடனே தூசுள்ள இடத்தை விட்டு வெளியேற வேண்டும். எரியக்கூடிய ஆவி உள்ள இடங்களில், தீப்பொறி உண்டாக்காதவாறு சான்றளிக்கப்பட்ட கருவிகளை மட்டுமே பயன்படுத்தலாம்.

காற்றழுத்தியிலிருந்து (கம்ப்ரசர்) குழாய் வழியே மூச்சுக்காற்று வழங்கும்போது, அதன் காற்றிழு வாய் வாகனப் புகை, எந்திரப் புகை ஆகியவற்றுக்கு அப்பால் இருக்க வேண்டும். எண்ணெயால் உராய்வு நீக்கப்படும் காற்றழுத்தி மிகைச் சூடடைந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம். ஆகவே வெப்ப எச்சரிக்கை அல்லது வளிம எச்சரிக்கை அமைப்பு தேவை. கருவிகளை இயக்கும் சாதாரணக் காற்றுக் குழாயை முகவுறையுடன் இணைக்கலாகாது. தொழிற்சாலைகளில் நைட்ரசன், ஆர்கான் முதலிய வளிமக் குழாய்களும் அருகருகே இருக்கும். அவற்றுடன் மூச்சுக் குழாய் தவறுதலாக இணைக்கப்பட்டு உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. மூச்சுக்காற்றுக் குழாயின் இணைப்பான் பிற குழாய்களுடன் பொருந்தாத வடிவில் இருப்பது இதனைத் தடுக்கும்.

கருவிகள் இணையும்போது எழும் ஆபத்துகள்

முகமூடி அணிந்து விசைக்கருவியை இயக்குபவரின் பார்வைப் பரப்பும் பேச்சின் தெளிவும் குறைகின்றன. இதனால் பின்வருவன கவனிக்கப்படுகின்றன.

- தொங்கும் பட்டைகளும் மூச்சுக் குழாய்களும் சுழலும் பகுதியில் சிக்காதவாறு உடலோடு கட்டப்பட வேண்டும்.
- மூக்குக்கண்ணாடியின் காம்புகள் முழுமுகக் கருவியின் விளிம்பை உடைக்கும். அத்தகையோருக்கு முகவுறைக்குள் பொருத்தும் கண்ணாடி உண்டு.
- கண்காப்பும் செவிக்காப்பும் முகமூடியுடன் சேர்த்து அணிந்து பார்த்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். ஒன்று மற்றொன்றை இடம்பெயரச் செய்யலாகாது.
- நீர் பாய்ச்சும் மின்கருவிகளில் மின்னதிர்ச்சி ஆபத்து உண்டு. கசிவு மின்னோட்டத்தில் தானாகத் துண்டிக்கும் அமைப்பு இன்றியமையாதது.
- சாணை எந்திரத்தின் காப்புறையைக் கழற்றலாகாது. தகட்டில் குறிக்கப்பட்ட உச்ச வேகம் எந்திரத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கலாகாது.
- பேச்சு கேளாத நிலையில் வேலையை நிறுத்துவதற்குரிய கைச்சைகை முன்கூட்டியே உறுதி செய்யப்பட வேண்டும்.

வேலை முடிந்த பின் அழுத்தக் காற்றால் உடையையோ தரையையோ ஊதுவதும் உலர்நிலையில் பெருக்குவதும் படிந்த தூசை மீண்டும் காற்றில் எழுப்பும். நீர் தெளித்துக் கழுவுதல் அல்லது நுண்வடியிழை கொண்ட உறிஞ்சியால் தூய்மை செய்தல் ஏற்றது. தூசு படிந்த உடையுடன் வீடு திரும்பினால் குடும்பத்தினரும் அத்தூசுக்கு உள்ளாவர்.

சட்டப் பொறுப்பு

பல நாடுகளின் சட்டங்கள் மூச்சுக்காப்புக் கருவியைத் தேர்ந்தெடுத்து வழங்குதல், பயிற்சி அளித்தல், பராமரித்தல் ஆகியவற்றை வேலை அளிப்பவரின் பொறுப்பாக்கியுள்ளன. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிசை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. அச்சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆபத்தான வளிமம் உள்ள அடைபட்ட இடத்தில் நுழைவதற்கு விதித்த நிபந்தனைகளுள், தகுந்த மூச்சுக் கருவியும், வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிற்றுடன் இணைந்த இடைக்கச்சும் அணிதல் இடம்பெற்றது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்து, முந்தைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது.

சிறு பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் நாட்கூலிக்குப் பணிபுரிவோரிடம் இப்பாதுகாப்புகள் சென்று சேர்வது கடினமாக உள்ளது. ஒரே இடத்தில் நிலையாகப் பணிபுரியாத தொழிலாளிக்கு நோய் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படும்போது, அது எந்த இடத்துத் தூசினால் வந்தது என்று நிறுவுவது எளிதன்று. காசநோயின் அறிகுறிகளை ஒத்திருப்பதால் சிலிக்கோசிசு காசநோயாகக் கருதப்பட்டுக் கணக்கில் வராமல் போவதும் உண்டு. நோயாளி முன்னர் எந்தக் கருவியைக் கொண்டு எப்பொருளை எத்தனை ஆண்டுகள் அறுத்தார் என்பதை மருத்துவர் கேட்டறிவது, நோயைச் சரியாக இனங்காண்பதற்கு முதற்படியாக அமைகிறது.